பை தூக்கி அலைவதும் நூலகர் வேலைதான்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

வயது 26. வீட்டில் தமிழ், பள்ளியில் தமிழ் மீடியம், கல்லூரியில் பி.ஏ. தமிழ். மலையாளம் தடங்கலில்லாமல் பேசுவார், வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். மூன்று வருடமாக ஊர் வாயனசாலையில் (கேரளத்தில் ஊர் நூலகத்தை இப்படித்தான் சொல்வார்கள்), பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுக்கும் திட்டத்தில் இருக்கிறார். இரண்டு துணிப்பைகளில் புத்தகத்தை நிரப்பிக்கொண்டு வாரம் நான்கு நாள் நடை. கிடைக்கும் அலவன்ஸ் கைச்செலவுக்கே போதவில்லை. "எப்படியும் பர்மனன்ட் ஆக்கிவிடுவோம்" என்று கமிட்டியில் சிலர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அம்மாவோ, "பையைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் சுத்தறதுக்கா காலேஜுக்கு அனுப்பினேன், பி.எட். படி" என்கிறார்.

இப்போது கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நூலகர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் 12,000 ரூபாய். முன்பு இருந்த நூலகர் திடீரென்று நின்றுவிட்டாராம். சேரும் நாளிலேயே 9,000 புத்தகங்களுக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் கொடுத்துவைக்க வேண்டும். நூலகப் படிப்பை அப்புறம் மெதுவாக முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"எனக்கு ஆட்களோடு பேசிப் பழக அவ்வளவாக வராது அம்மா, புத்தகம்தான் பிடிக்கும். அதனால் அமைதியான பள்ளி நூலகம்தான் சரி என்று தோன்றுகிறது. போகலாமா? இல்லை, எல்லாம் போனில் வந்த பிறகு இந்தத் தொழிலுக்கே எதிர்காலம் இல்லையா?" என்று கேட்கிறார். பின்குறிப்பாக இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மிணி, உங்கள் கடிதத்தில் ஒரு பத்தியை நான் மூன்று முறை வாசித்தேன். பள்ளியையோ சம்பளத்தையோ பற்றிய பத்தி இல்லை அது. எந்த வீட்டில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்தி. கண்புரை ஆபரேஷன் முடிந்த பாட்டிக்குப் பெரிய எழுத்துப் புத்தகமாகத் தேடி எடுத்துப் போயிருக்கிறீர்கள். தையல் கற்கும் பெண்ணுக்கு முதலில் படம் போட்ட புத்தகம், பிறகு மெல்லச் சிறுகதை. ஒரு வீட்டில் மாமியார் மலையாளம் வாசிப்பார், மருமகள் தமிழ் மட்டும். அதனால் இரண்டு மொழியிலும் ஒவ்வொன்று. இவ்வளவையும் எழுதிவிட்டு, "இதெல்லாம் நூலகர் வேலை கிடையாது என்று தெரியும்" என்று முடித்திருக்கிறீர்கள். நான் திருத்த நினைக்கும் முதல் விஷயம் இதுதான்.

நீங்கள் செய்வது எடுபிடி வேலை கிடையாது

நம் நாட்டில் நூலகத் தொழிலுக்கு இலக்கணம் எழுதியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் அவர் வகுத்துத் தந்த ஐந்து விதிகளைப் பி.எல்.ஐ.எஸ். என்னும் இளங்கலை நூலகப் பட்டம் படிக்கும் எல்லோரும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்வார்கள். புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். பெரிய எழுத்துப் புத்தகத்தைப் பாட்டியின் திண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதல் நான்கு விதிகளையும் நீங்கள் ஒரே நடையில் நிறைவேற்றிவிட்டீர்கள். ஏசி அறையில் உட்கார்ந்து அலமாரிச் சாவியைக் காக்கிறவர்களில் பலர் பணிக்காலம் முழுக்க இரண்டாவது விதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். இதை 31 வருடம் கல்லூரி நூலகத்தில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டு போடுங்கள். எத்தனை வீடு, மாதம் எத்தனை புத்தகம், எந்த வயதுக்காரர்கள், எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், எது வாசிக்கப்படாமலே திரும்பி வருகிறது என்று எழுதி வையுங்கள். மூன்று வருடத்துக்கும் வாயனசாலை செக்ரட்டரியிடம் அனுபவச் சான்று எழுதி வாங்குங்கள். "உதவியாளர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், செய்த வேலை என்னவென்று அதில் வர வேண்டும். நேர்காணலில் நூலகர் பணி என்றால் என்ன என்று கேட்டால், உங்களிடம் சொல்லச் சொந்தக் கதை இருக்கிறது. பாடப்புத்தகத்தை ஒப்பிக்க வேண்டியதில்லை.

அமைதியான வேலை என்ற நினைப்பு

ஆட்களோடு பழக வராது, அதனால் நூலகம் என்கிறீர்கள். என்னிடம் வழி கேட்டு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதுதான். ஒரு பழைய சேதி சொல்கிறேன். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சேர்ந்த சில நாளிலேயே அந்தத் தனிமை தாங்காமல், பழைய ஆசிரியர் வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கல்லூரிக்கே போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சி பெற்று வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அங்கே பொது நூலகங்களில் குழந்தைகளும் தொழிலாளிகளும் பெண்களும் வந்து போவதைப் பார்த்த பிறகுதான் இது என்ன வேலை என்று அவருக்குப் புரிந்தது. திரும்பி வந்தவர் பழைய வேலையைக் கேட்கவே இல்லை.

ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் கதவைத் திறந்ததும் பத்திரிகைக்காகக் காத்திருக்கும் பெரியவர்கள். அவர்களுக்குப் பின்னால், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஃபேன் இருக்கும் மேசையைப் பிடிக்க ஓடி வருவார்கள். புதிதாக வந்த புத்தகங்களுக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட வேண்டும், முத்திரை குத்த வேண்டும், எந்தப் பொருளில் அடுக்குவது என்று காட்டும் பகுப்பெண்ணைக் கண்டுபிடித்துப் புத்தக முதுகில் சீட்டு ஒட்ட வேண்டும். தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிடுவது தனிப் பாடு. இனிஷியல் ஒரு புத்தகத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும். ஒரே ஆளுக்கு மூன்று புனைபெயர் இருக்கும். ஒரே எழுத்தாளர் மூன்று பேராகப் பதிவாகிவிட்டால், வாசகருக்கு அவருடைய பாதிப் புத்தகங்கள் கண்ணிலேயே படாது. மதியம் அலமாரி சரிபார்ப்பு. இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். மழைக்காலம் என்றால் கரையான், இராமபாணப் பூச்சி, பூஞ்சை. தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் மாஸ்க் இல்லாமல் பழைய அடுக்குகளைத் தொடக்கூடாது. என் மூக்கு இன்னும் எனக்கு அதை நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் நடுவில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒரு முறை ஒரு அம்மா வந்து, "சட்டப் புத்தகம் வேணும்" என்றார். எந்தச் சட்டம் என்று கேட்டேன். தெரியவில்லை. உட்கார வைத்து, என்ன விஷயம் என்று மெதுவாக விசாரித்தால், கணவர் இறந்து எட்டு மாதம், விதவை பென்ஷனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெரிய வேண்டியிருக்கிறது. நான் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. படிவத்தை எடுத்துக் கொடுத்து, யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாசகர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று. அதைக் கேட்டு வாங்கும் திறமைதான் இந்தத் தொழிலில் கடினமானது. கலகலப்பாகப் பேசத் தெரிய வேண்டும் என்பதில்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிய வேண்டும். மூன்று வருடமாக அத்தனை வீட்டு வாசலிலும் நீங்கள் செய்வது அதுதான். பேச்சு வராது என்று உங்களைப் பற்றி நீங்களே தவறாக எடை போட்டு வைத்திருக்கிறீர்கள்.

போன் வந்துவிட்டதே என்ற கவலையைச் சுருக்கமாக முடிக்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைக்காகக் கலைக்களஞ்சியம் புரட்டும் காலம் முடிந்தது உண்மை. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைக் காட்டிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா? வேலையின் வடிவம் மாறுகிறது. கணினி தெரியாத நூலகருக்கு மட்டும் இடம் இல்லாமல் போகும்.

பள்ளி வேலை: கையெழுத்துக்கு முன்

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் முதல் வேலை ஒரு தனியார் கல்லூரியில். பெயர் வேண்டாம். சேர்ந்த அன்று பதிவேட்டை நீட்டினார்கள், சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து இருப்புச் சரிபார்ப்பில் 312 புத்தகங்கள் குறைந்தன. அதில் பெரும்பாலானவை நான் அங்கே காலடி வைக்கும் முன்பே போனவை. ஆனால் பொறுப்பேற்றது என் கையெழுத்து. பதினோரு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த வருடம் தீபாவளிக்கு வீட்டுக்கு என்ன சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது. உங்களுக்கு அது நடக்கக்கூடாது.

9,000 புத்தகங்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். "சரிபார்ப்புக்கு உட்பட்டு" என்று எழுதித்தான் சாவியை வாங்க வேண்டும். பள்ளி ஒரு ஆளைக் கூடக் கொடுத்தால், நாளைக்கு 300 வீதம் 30 வேலை நாளில் சேர்க்கைப் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டு முடித்துவிடலாம். இரவலில் போனவை, பைண்டிங்கில் இருப்பவை, ஆசிரியர்களின் பீரோவில் தங்கிவிட்டவை, அறவே காணாதவை என்று நான்கு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்களோடு பள்ளித் தரப்பிலும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

புத்தகம் தொலைந்தாலே நூலகர் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆவது விதி, இரவல் கொடுத்த அல்லது பார்வையிடக் கொடுத்த ஆயிரம் புத்தகத்துக்கு வருடம் ஐந்து வரை தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கிறது. நேர்மைக் குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக்கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் விலை எதுவானாலும் அரிய புத்தகமும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 20,000 வரை புத்தகம் உள்ள நூலகத்தில் வருடாவருடம் முழுச் சரிபார்ப்பு நடக்க வேண்டும். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, தனியார் பள்ளியைக் கட்டாது. ஆனாலும் பேசும்போது கையில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல். "ஆயிரத்துக்கு ஐந்து என்று நம் பள்ளியிலும் எழுதிக்கொள்ளலாமா சார்?" என்று பணிவாகக் கேளுங்கள். முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பே பதில்.

அசல் சான்றிதழை எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்துவைக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், நகல் கொடுங்கள், அசலோடு வீட்டுக்கு வாருங்கள். நாளைக்கு ஒரு அரசு வேலைக்கு அழைப்பு வந்தால், சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் நீங்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்? இன்னொன்று, நியமன உத்தரவில் "நூலகர்" என்ற பதவிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சேர்ந்தவர்கள் நாள் முழுக்க ஆசிரியர் வராத வகுப்பில் உட்கார்ந்துகொண்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டும் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் எழுத்தில் சம்மதித்தால் போங்கள். 12,000 ரூபாயில் பஸ் செலவு போனாலும் இப்போது கிடைப்பதைவிட மேல், பணத்தேவையைச் சின்னதாக நினைக்கும் நிலையில் நீங்கள் இல்லை. சம்மதிக்காவிட்டால், முன்னால் இருந்தவர் ஏன் திடீரென்று நின்றார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எந்தப் படிப்பு, எந்தப் பக்கம்

"மெதுவாக முடித்துக்கொள்ளலாம்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். பள்ளி வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த வருடமே பி.எல்.ஐ.எஸ். சேர்ந்துவிடுங்கள். பட்டம் முடித்தவர்களுக்கு ஓராண்டுப் படிப்பு. வேலையில் இருப்பவர்களுக்கு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் படிப்பு வசதி. கேரள மாநில நூலகக் கவுன்சில் நடத்தும் சான்றிதழ்ப் படிப்பும் இருக்கிறது. சின்ன நூலகங்களுக்கு உதவும், ஆனால் பி.ஏ. கையில் இருக்கும்போது அதோடு நிற்பது படியேறிப் பாதியில் உட்காருவது மாதிரி. கல்லூரி நூலகராக வேண்டுமானால் முதுகலை நூலகப் பட்டத்தில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் என்னும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். கேந்திரிய வித்யாலயா நூலகர் பணிக்குப் பி.எட். கேட்பதில்லை, நூலகப் பட்டம்தான் கேட்கிறார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். பாடம் நடத்த ஆசை இருந்தால் பி.எட். நல்ல படிப்பு. உங்கள் கடிதத்தில் அந்த ஆசை ஒரு வரியில்கூட இல்லை.

எல்லையில் இருப்பதால் உங்களுக்கு இரண்டு வாசல் தெரிகிறது, ஆனால் இரண்டும் ஒரே மாதிரி வாசல் இல்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது பாலக்காடு அந்த மாகாணத்தில் இருந்தது, உங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்ஜியத்தில். அந்தச் சட்ட வழியில் தமிழ்நாட்டில் நூலகம் அரசுத் துறையாக வளர்ந்தது: மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம். கேரளத்தில் கதை வேறு. பி.என். பணிக்கர் முன்னின்று 1945-இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களைக் கூட்டித் தொடங்கிய இயக்கத்திலிருந்து வந்தவை அங்குள்ள ஊர் நூலகங்கள். 1989-இல் சட்டம் வந்த பிறகும் ஊர் வாயனசாலை அதன் உறுப்பினர்களுக்கே சொந்தம். கமிட்டியை அவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், கவுன்சில் கிராண்ட் கொடுக்கிறது. அதனால்தான் கமிட்டி சொல்லும் "பர்மனன்ட்" என்ற சொல்லை நம்பி வருடங்களைக் கழிக்க வேண்டாம் என்கிறேன். அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அரசு வேலை என்பது அரசுப் பணியாளர் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) வழியாக வருவது, கமிட்டி தீர்மானத்தால் வருவதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் டி.என்.பி.எஸ்.சி. நூலகப் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. தமிழ்த் தகுதித் தாள் உங்களுக்குப் பயமே இல்லை. ஆனால் "அங்கே எனக்கும் சாதி இட ஒதுக்கீடு உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. வேறு மாநிலத்தவரைப் பொதுப் பிரிவில்தான் வைப்பார்கள். தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

கேரளப் பக்கத்தில் உங்களைத் தடுப்பது ஒன்றே ஒன்றுதான்: மலையாள எழுத்து. சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் தெரிந்த நூலகருக்கு எவ்வளவு தேவை என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் பதிவேடு, கடிதம், கமிட்டி மினிட்ஸ் எல்லாம் மலையாளம். பேசத் தெரிந்தவருக்கு ஆறு மாதம் போதும். தினமும் ஒரு பத்திரிகைச் செய்தியை வாய்விட்டு வாசியுங்கள், அரைப் பக்கம் பார்த்து எழுதுங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூவி பகுப்பில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811, மலையாளத்துக்கு 894.812. அலமாரியில் ஒன்றை அடுத்து ஒன்று. இரண்டு அடுக்கையும் சரளமாக வாசிக்கிற நூலகர்கள் இந்த எல்லையில் மிகவும் குறைவு.

அப்புறம் கோஹா. நூலகங்களுக்கான இலவச மென்பொருள், நியூசிலாந்தில் உருவானது. அங்குள்ள மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்கு "அன்பளிப்பு" என்று பொருள். பழைய மடிக்கணினி ஒன்று கிடைத்தால் போதும். வாயனசாலையில் நூறு தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, செக்ரட்டரி அனுமதியோடு நீங்களே பட்டியலிட்டுப் பழகுங்கள். ஆசிரியர் 100, தலைப்பு 245, டூவி எண் 082 என்று ஒவ்வொரு விவரத்தையும் நிரப்பும் புலங்களின் எண்கள் ஒரு வாரத்தில் விரலில் வந்துவிடும். நேர்காணலில் "கோஹாவில் வேலை செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லலாம்.

உங்கள் பின்குறிப்பு

பெரிய எழுத்துப் புத்தகம் வாங்கிய அந்தப் பாட்டி போன மாதம் இறந்துவிட்டார் என்றும், இரண்டு புத்தகங்கள் அவர் வீட்டிலேயே இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். செக்ரட்டரி வாங்கி வரச் சொல்கிறார், உங்களுக்கோ கேட்க வாய் வரவில்லை.

முதல் முறை பை இல்லாமல் போங்கள். துக்கம் விசாரிக்க மட்டும். புத்தகத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். செக்ரட்டரியிடம் காரணத்தை எழுதிக் கொடுத்து அந்த இரவல் பதிவை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு வழக்கமான நாளில், வழக்கம்போலப் பையோடு அந்த வீட்டுக்கும் போங்கள். அவர்களே எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒன்று அவர் கடைசியாக வாசித்த புத்தகம், வீட்டிலேயே வைத்துக்கொள்கிறோம் என்றால், விலையைக் கட்டச் சொல்லாமல், புத்தகத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும் நீக்கப் பதிவு போடும்படி கமிட்டியிடம் கேளுங்கள். அந்த வீட்டில் பாட்டிக்கு வாசித்துக் காட்டிய பேத்தி ஒருத்தி இருப்பதாக எழுதியிருந்தீர்களே, ஏழாம் வகுப்பு என்று. அவளுக்குப் பொருத்தமாகப் பையில் ஏதாவது எடுத்துப் போங்கள்.